நான் கையெழுத்துப் போட்ட பொம்மைகள்

ஜனவரி 9

இன்று நானூற்றுப் பன்னிரண்டு தலை பார்த்தேன். இருபத்தாறு கழிவு. அச்சிலிருந்து சூடாகப் பிடுங்கும்போது மூக்கு இழுபட்டவை, காதில் குமிழ் விழுந்தவை. பொம்மைக் கம்பெனியில் வேலை என்றால் எல்லோருக்கும் சிரிப்புதான். நாள் முழுக்க உடம்பில்லாத தலைகளின் கன்னத்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் சிரிக்கட்டும்.

கட்டைவிரலால் ஒரே அமுக்கு. உள்ளே போன கன்னம் உடனே எழும்பி வந்தால் பாஸ். இல்லையென்றால் மிக்சிங் பக்கம் திரும்பி, "அண்ணே, எண்ணெய் பத்தலை!" என்று ஒரு கத்தல். பிளாஸ்டிக் இளகுவதற்காகப் பவுடரோடு ஊற்றும் திரவத்தைத்தான் நாங்கள் எண்ணெய் என்கிறோம். "உன் விரல் இருக்கறப்போ எனக்கு எதுக்கும்மா மீட்டர்?" என்பார் மிக்சிங் அண்ணன். பதினோரு வருஷமாக அதே வசனம். எனக்கும் பதினோரு வருஷமாக அது அலுக்கவில்லை.

சனிக்கிழமை என்பதால் கழிவிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டேன். கேட்டில் காவலாளி பொம்மையின் பாதத்தில் ஊதா மையால் சீல் குத்தி வெளியே விட்டார். முடி தைக்காத பொம்மை. வீட்டில் என் மகள் குட்டி பார்த்தவுடன் அதற்கு 'மொட்டை' என்று பேர் வைத்தாள். இதோடு அவளிடம் இருபத்து நான்கு சேர்ந்துவிட்டது.

ஜனவரி 20

குட்டியின் சீருடை மறுபடியும் முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. ஒரு வருஷத்தில் மூன்றாவது முறை. "நீ சோறு போடறியா, உரம் போடறியா?" என்கிறார் இவர். ஏழரை வயதுதான் ஆகிறது, வகுப்பிலேயே உயரம் என்று கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிப்ரவரி 3

டீச்சர் கூப்பிட்டு, "வயசுக்கு மீறி வளர்றா, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க" என்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளை நன்றாக இருந்தால் இவர்களுக்கு என்ன என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா அவள் இடது கையை மட்டும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எதற்குக் கை? படத்தை வெளிச்சத்தில் மாட்டி, விரல் எலும்புகளின் நுனியைப் பேனாவால் காட்டினார். "இந்த இடைவெளி இருக்கற வரைக்கும்தான் உயரம் வளரும். உங்க பொண்ணுக்கு இது வேகமா மூடிக்கிட்டு வருது. அவளுக்கு ஏழரை வயசு. எலும்புக்குப் பதினொண்ணு."

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். வயதுக்கு வருவதற்கான வேலையை உடம்பு மூன்று நான்கு வருஷம் முன்னாலேயே தொடங்கிவிட்டதாம். இப்போது எல்லோரையும்விட உயரம். மற்றப் பிள்ளைகள் வளரத் தொடங்கும்போது இவள் நின்றுவிடுவாள். நாலு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால் நிறுத்தி வைக்கலாம். ஒன்றைக்கூட விடக் கூடாது.

விலையைக் கேட்டவுடன் இவர் முகம் வெளுத்துவிட்டது. கம்பெனி கொடுத்த மருத்துவ கார்டை நீட்டினேன். அதில் கிடைக்கும் என்றார்கள். அப்பாடா.

பிப்ரவரி 5

டாக்டரம்மா முந்தாநாள் கேட்டதை எழுத விட்டுப்போயிற்று. விட்டுப்போகவில்லை, எழுதத் தோன்றவில்லை.

வீட்டில் என்ன க்ரீம், என்ன மருந்து என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "பிளாஸ்டிக் பொம்மை நிறைய வச்சு விளையாடுவாளா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் செய்யறதே அதான் டாக்டர்." அவர் எழுதுவதை நிறுத்தினார். "கடினமா இருக்குமா, மெத்துமெத்துன்னா?"

மெத்தென்று ஆக்குவதற்குச் சேர்க்கும் சில எண்ணெய்கள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளாதாம். வாயில் வைத்தால் எச்சிலில் இறங்கும். கையில் ஒட்டும். உடம்புக்குள் போய்ச் சுரப்பிகளைக் குழப்பும். அதனால்தான் குழந்தைப் பொம்மைகளில் அவற்றுக்குத் தடையாம். "அதனாலதான் இவளுக்கு இப்படியா?" என்று கேட்டேன். "அப்படின்னு என்னால சொல்ல முடியாதும்மா. பாதிப் பேருக்குக் காரணமே தெரியறதில்லை. நானும் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனா பொம்மையெல்லாம் அவ கைக்கு எட்டாம எடுத்து வச்சிடுங்க."

மதியச் சாப்பாட்டில் மிக்சிங் அண்ணனிடம் கேட்டேன். "நம்ம சரக்கு மூணு மாசத்துக்கொரு தடவை லேப்ல பாஸ் ஆகுது தங்கச்சி. சீட்டுல கையெழுத்துப் போடறதே நீதானே!" என்றார்.

உண்மைதானே. லேப்புக்குப் போகிற பன்னிரண்டு பொம்மைகளையும் பொறுக்கி, சீட்டுக் கட்டி, 'வழக்கமான உற்பத்தியிலிருந்து எடுத்தது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவது நான்தான். நெஞ்சிலிருந்து கல் இறங்கியது மாதிரி இருந்தது. ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை.

பிப்ரவரி 20

முதல் ஊசி. நர்ஸைக் கடிக்கப் போனாள். பிறகு வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டாள்.

மார்ச் 15

வெளிநாட்டுக்குக் கப்பலில் போன ஒரு லோடு திரும்பி வந்துவிட்டது. அங்கே ஏதோ கடையில் ஒரு பொம்மையை எடுத்துச் சோதித்தார்களாம். மேனேஜர், "பேப்பர் பிரச்சினை" என்றார். பேப்பருக்கா பொம்மை கப்பலேறித் திரும்பி வரும்?

இன்று லேப் பீஸ் ஊற்றுகிற திங்கட்கிழமை. வழக்கம்போல் மெஷினை அரை நாள் கழுவினார்கள். வழக்கம்போல் நீல மூடி எண்ணெய் டிரம்மைத் திறந்தார்கள். நூறு தடவை பார்த்ததுதான். இன்றைக்குத்தான் கண் நிஜமாகப் பார்த்தது. மற்ற நாளெல்லாம் கறுப்பு மூடி. ஹோஸ் பைப்பும் செருப்பு அடியும் செய்கிற அடுத்த ஷெட்டுக்கும் அதே கறுப்பு மூடி.

மிக்சிங் அண்ணனிடம் நேராகப் போனேன்.

"அண்ணே, ரெண்டும் ஒரே எண்ணெய்தானே?"

அவர் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்" என்றார்.

தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியாது. போட்டோ எடுக்கப் போகும்போது நல்ல சட்டை போட்டுக்கொள்கிற மாதிரி, லேப்புக்குப் போகிற பொம்மை பளிச்சென்று இருக்க மெஷினைக் கழுவுகிறார்கள் என்றே பதினோரு வருஷமாக நினைத்திருந்தேன். கழிவு பொறுக்குவதில் இத்தனை கெட்டிக்காரி, இதைக் கேட்க வாய் வரவில்லை. "எண்ணெய் பத்தலை, எண்ணெய் பத்தலை"ன்னு கத்தினவளே நான்தானே. கத்திக் கத்தி ஊத்த வச்சேனே. அதைக் கொண்டுபோய் என் புள்ளை கையிலயே குடுத்தேனே.

பல் முளைக்கும்போது அவள் கடித்த முதல் பொம்மைகூட அங்கிருந்து வந்ததுதான்.

மார்ச் 16

லீவு போட்டேன். குட்டி பள்ளிக்குப் போனதும் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினேன். எண்ணிப் பார்க்கக்கூட மனசில்லை. சாயங்காலம் வந்து காலியான அலமாரியைப் பார்த்தாள். அழுது தரையில் உருண்டாள். "நீதானே குடுத்தே! நீதானே குடுத்தே!" என்று ஒரே பாட்டு.

ஆமாம் குட்டி, நான்தான் கொடுத்தேன்.

மார்ச் 17

தெருவில் ஒன்பது வீடு. பிறந்தநாள் என்றால் நான் கொண்டுவருகிற பொம்மைதான் போகும், அதில் எனக்கொரு பெரிய மனுஷித்தனம். இன்று ஒவ்வொரு வீடாகப் போய், சாயம் போகிறது என்று பொய் சொல்லித் திருப்பி வாங்கினேன். "அதுக்குள்ள என்ன சாயம்?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். அவள் மகன் தவழ்கிற குழந்தை. பொம்மையின் கால் அவன் வாய்க்குள் இருந்தது. பிடுங்கினேன். வீறிட்டான்.

ஏழுதான் கிடைத்தது. அவற்றையும் வண்டியில் போட்டேன்.

மார்ச் 30

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. "பொண்ணுக்கு மாசாமாசம் ஊசி போகுதாமே. கார்டு ஒழுங்கா வேலை செய்யுதா? ஏதாவது சிக்கல்னா என்கிட்ட சொல்லும்மா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மேஜையில் லேப் சீட்டுகள் பன்னிரண்டு. கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டிலும் போட்டேன்.

ஏப்ரல் 18

வீட்டில் சண்டை. வெளியே சொல்லிவிடுகிறேன் என்றேன். இவர் எலெக்ட்ரீஷியன், கூப்பிட்ட இடத்தில் வேலை, கார்டு கீர்டு ஒன்றும் கிடையாது. "ஊருக்கு நல்லது பண்ணப் போயி நம்ம புள்ளைக்கு ஊசி இல்லாமப் பண்ணிடாதே. ஒண்ணு கூட விடக் கூடாதுன்னு சொன்னாங்கள்ல?" என்றார். "அப்ப மத்த புள்ளைங்க?" என்றேன். "மத்த புள்ளைங்களுக்கும் அப்பா அம்மா இருக்காங்க" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

மே 15

நாலாவது ஊசி. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். வேகம் நின்றிருக்கிறது, இப்படியே நாலு வருஷம் போனால் போதும் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாயை மூடிக்கொண்டிருப்பது என்று முடிவு செய்தேன்.

ஜூன் 2

தண்ணீர் பிடிக்கப் போனபோது எதிர்வீட்டுக்காரி கூப்பிட்டுக் காட்டினாள். "நீங்க வாங்கிட்டுப் போனதுலருந்து ஒரே அழுகைக்கா. அதான் கடையில அதே மாதிரி தேடி வாங்கினோம். உங்க கம்பெனிதான், சோதிச்சதுன்னு ஸ்டிக்கர்கூட இருக்கு. உங்களை நம்பித்தான் எடுத்தேன்."

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தான். பொம்மையின் கை வாயில்.

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இனிமே முடியாது. என்னால முடியாது.

ஜூன் 9

பொருள் பாதுகாப்பு அலுவலகம். நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆய்வாளர் என்னைவிடச் சின்னப் பெண். முழுதும் கேட்டுவிட்டு ஒரு கோப்பை எடுத்தாள். "போன மாசமே கடையில வாங்கிச் சோதிச்சோம். அளவு மீறித்தான் இருந்தது. அது போலி, எங்க சரக்கே இல்லைன்னு கம்பெனி சொல்லிடுச்சு. அவங்க வச்சிருக்கற லேப் சாம்பிள் எல்லாம் சுத்தமா இருக்கு." படத்தைத் திருப்பிக் காட்டினாள். பன்னிரண்டு பொம்மை, பன்னிரண்டு சீட்டு. "இது உங்க கையெழுத்துதானே?"

வேறு யார் கையெழுத்து. எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறேன்.

உள்ளே இருந்து வந்தது என்று மறுக்க முடியாத ஒரு பொம்மை வேண்டுமாம். கேட் சீல் குத்திய கழிவு! அது கடைக்கே போகாது, போலி என்று சொல்லவும் முடியாது. ஒன்றே ஒன்று இருந்தால் போதும். அத்தனையையும் குப்பை வண்டியில் ஏற்றிய மகராசி நான்.

வீட்டில் சொல்லி அழுதேன். குட்டி அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 10

காலையில் இவர் வேலைக்குக் கிளம்பும்போது, கருவிப் பையைத் திறந்து, ஸ்க்ரூடிரைவர்களுக்கு அடியிலிருந்து மொட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்தது. பாதத்தில் ஊதா சீல்.

"அன்னிக்கு ஸ்கூல் பையில வச்சிருந்தா. 'அப்பா, இதை ஒளிச்சு வை'ன்னு என்கிட்ட குடுத்தா. தொட விடலை, தினம் காட்டுறதோட சரி" என்றார். மூன்று மாதமாக அப்பனும் மகளும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். இவர் இதை எடுத்துத் தராமலே இருந்திருக்கலாம். பை பூட்டித்தான் இருந்தது.

குட்டியிடம் நான்தான் கேட்டேன். வெட்டித்தான் பார்ப்பார்கள் என்றும் சொன்னேன். யோசித்தாள். "முதுகுல வெட்டச் சொல்லு. மூஞ்சில வேணாம்."

ஜூன் 11

கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு பன்னிரண்டாக நான் கட்டிய சீட்டெல்லாம் பொய் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். "யோசிச்சுக்கோங்க, வேலை போகும்" என்றாள் அந்தப் பெண். யோசித்தாகிவிட்டது. முதுகில் வெட்டும்படி சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

ஜூன் 29

வேலை போயிற்று. காரணம், சீட்டில் பொய்க் கையெழுத்து. அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

விசாரணையில் மிக்சிங் அண்ணன் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். தலையே நிமிரவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது, பாவம் என்று எழுத வந்தேன். பாவமெல்லாம் இல்லை. எனக்கு வயிறு எரிகிறது.

ஜூலை 10

ஆறாவது ஊசி நாள். கார்டைத் தேய்த்தார்கள், மறுபடி தேய்த்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். குட்டி சட்டைக் கையை ஏற்றி விட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

பொது ஆஸ்பத்திரியில் அந்த மருந்து வருவதில்லையாம். வந்தால் கூப்பிடுகிறோம் என்று எண்ணைக் குறித்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 4

என் தோட்டை விற்று ஆகஸ்டில் ஒன்று போட்டோம். இந்த மாதம் இல்லை. இவர் இரண்டு ஆள் வேலை செய்கிறார். நான் சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போகிறேன். ஒரு தடவைகூட இவர் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொன்னால் தேவலை, பதிலுக்கு நானும் கத்தலாம்.

நவம்பர் 23

பொது ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரே ஒரு ஊசி வந்தது. அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

செருப்பு மறுபடி சின்னதாகிவிட்டது.

பிப்ரவரி 14

புது டைரி வாங்கவில்லை. குட்டியின் பழைய நோட்டில் மிச்சப் பக்கங்கள்.

டாக்டரம்மாவின் வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன். மருந்துக் கம்பெனி கொடுத்த சாம்பிள் ஊசி ஒன்று இருந்தது, போட்டார். விட்டு விட்டுப் போட்டால் பெரிதாக நிற்காது என்பதை என்னிடம் மறைக்கவும் இல்லை.

ஏப்ரல் 28

தீர்ப்பு வந்துவிட்டது. மொட்டையில் அளவு பல மடங்கு மீறியிருக்கிறது. கடைகளிலிருந்து எல்லா பொம்மையையும் திரும்ப எடுக்க உத்தரவு. பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு பத்தி. இவர் அதை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரி பொம்மையைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "அன்னிக்கே ஏன்க்கா சொல்லலை? சாயம்னு ஏன் சொன்னீங்க?"

பயமா இருந்துச்சு என்றேன். அவள் போய்விட்டாள்.

மே 6

மிக்சிங் அண்ணன் போன் செய்தார். பொம்மை ஷெட்டை மூடிவிட்டார்களாம். நாற்பது பேருக்கு வேலை இல்லை. திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "என் பேத்திக்கும் நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறமும் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.

அக்டோபர் 11

இன்று மறுபடி எக்ஸ்ரே. குட்டிக்கு ஒன்பது வயதும் மூன்று மாதமும். டாக்டரம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கே தெரிந்தது. அந்த இடைவெளிகள் முடிக்கோடு மாதிரி ஆகிவிட்டன.

"இனிமே ஊசி வேண்டாம்மா" என்றார். போட்டும் பிரயோஜனம் இல்லை, இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம் என்பதைப் பிறகு மெதுவாக, என்னிடம் மட்டும் சொன்னார்.

குட்டிக்கு முதல் வரி மட்டும்தான் கேட்டிருக்கிறது. "ஊசியே இல்லையா? இனிமே எப்பவுமேவா?" என்று குதித்தாள். நர்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்தவரிடம் சொன்னாள். வீட்டுக்குள் நுழையும்போதே, "அப்பா, எனக்கு ஊசி கேன்சல்!" என்று கத்தினாள். இவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். கனம் தாங்காமல் இரண்டு பேரும் கட்டிலில் விழுந்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் எப்படி இருப்பது?

அப்புறம் என் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, தலைக்கு மேலே கையை வைத்து அளந்து பார்த்தாள். என் காது வரைக்கும் வந்திருக்கிறாள்.

"அடுத்த வருஷம் உன்னைத் தாண்டிடுவேன்ல?"

தாண்டிடுவே என்றேன்.